ஆப்பிள் மரத்தில் பிஞ்சு கலைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிள் வளர்ப்பில் கவாத்துக்கு (கிளைகளை வெட்டிச் சீராக்குவது) அடுத்தபடியாகக் குழப்பம் தருகிற வேலை பிஞ்சு கலைப்பது, அதாவது அதிகமாகப் பிடித்த பிஞ்சுகளில் ஒரு பகுதியைப் பறித்து எடுப்பது. காய்த்து நிற்கிற மரத்தில் கைவைக்க யாருக்கும் மனசு வராது, அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார்கள். இந்த வேலையிலோ எத்தனை பிஞ்சை எடுத்தோம் என்பதைவிட எப்போது எடுத்தோம் என்பதுதான் பெரிய விஷயம். கீழே உள்ள பதில்களில் மாதப் பெயர் சொல்லாமல் ‘பூத்து இத்தனை வாரம்’ என்றே கணக்குச் சொல்லியிருக்கிறேன். பூமியின் வடபாதியில் ஏப்ரல், மே மாதங்களில் பூக்கிற மரம் தென்பாதியில் செப்டம்பர், அக்டோபரில் பூக்கும். மரத்தில் பெரும்பாலான பூக்கள் விரிந்திருந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம்.

தானாகப் பிடித்த காயை ஏன் பறித்துப் போட வேண்டும்?

மரம் கணக்குப் பார்த்துக் காய்ப்பதில்லை. ஆப்பிள் பூ ஒவ்வொன்றாக வராது, ஒரு மொட்டிலிருந்து ஐந்து ஆறு பூக்கள் கொத்தாக வரும். நன்றாகப் பூத்த ஒரு மரத்தில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பூக்கள் காயானாலே அது முழு விளைச்சல். மழையும் உறைபனியும் கெடுக்காமல், தேனீயும் நன்றாக வந்துவிட்ட வருஷத்தில் அதற்கு இரண்டு மூன்று மடங்கு பிஞ்சு பிடித்துவிடும்.

பிஞ்சு எத்தனை இருந்தாலும் அவற்றுக்குச் சோறு போடுவது அதே இலைகள்தான். ஓர் ஆப்பிள் ஒழுங்காக வளர 30 முதல் 40 இலைகளின் உழைப்பு தேவை. வெயில் உள்ளே வரை விழுகிற குட்டை மரங்களில் இதைவிடக் கொஞ்சம் குறைவான இலையே போதும். பங்குக்கு ஆள் கூடினால் காய் சிறுக்கும், நிறம் ஏறாது, இனிப்பும் குறையும். கிளை பாரம் தாங்காமல் முறிவதும் உண்டு. இதெல்லாம் இந்த வருஷத்து நஷ்டம். அடுத்த வருஷத்து நஷ்டம் இதைவிடப் பெரியது, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

மரம் தானே உதிர்க்கிறதே, அது போதாதா?

மரம் இரண்டு தவணையாக உதிர்க்கும். பூ இதழ் கொட்டிய உடனேயே மகரந்தம் சேராத பூக்கள் உதிர்ந்துவிடும். பிறகு பூத்து நாலு முதல் ஆறு வாரம் ஆகும்போது இன்னொரு பெரிய உதிர்வு வரும். காம்பு கிளையோடு சேருகிற இடத்தில் ஒரு மெல்லிய திசு அடுக்கு உருவாகி, தொட்டாலே கழன்று விழும். காலையில் போய்ப் பார்த்தால் மரத்தடியில் சின்னச் சின்னப் பிஞ்சுகள் கொட்டிக் கிடக்கும். புதிதாக மரம் வைத்தவர்கள் இதைப் பார்த்து நோய் வந்துவிட்டது என்று பதறுவார்கள். நோய் இல்லை, மரம் தன்னால் முடியாததைக் கழித்துக்கட்டுகிறது.

ஆனால் மரத்தின் நோக்கமும் நம்முடைய நோக்கமும் ஒன்றல்ல. மரத்துக்கு வேண்டியது விதை. சின்னக் காயிலும் விதை முற்றிவிடும், அது போதும் மரத்துக்கு. நமக்கு வேண்டியது சதை. ஆகவே மரம் நிறுத்துகிற இடத்துக்கு அப்புறமும் நாம் கொஞ்சம் தொடர வேண்டியிருக்கிறது.

சரி, எப்போது செய்வது?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் பெரும்பாலானோர் கேட்கிற அறிவுரை ‘இயற்கையாக உதிர்ந்து முடியட்டும், அப்புறம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது. இதில் வேலை மிச்சம், உண்மைதான். ஆனால் அதற்குள் இரண்டு காரியங்கள் கைமீறிப் போயிருக்கும்.

ஒன்று, காயின் அளவு. ஆப்பிளின் சதையில் செல்கள் எண்ணிக்கையில் பெருகுவது பூத்து முதல் நாலைந்து வாரம் மட்டுமே. அதற்குப் பிறகு ஏற்கெனவே இருக்கிற செல்கள் ஊதிப் பெரிதாகின்றன, புதிதாகச் சேருவது அரிது. போட்டி இல்லாமல் அந்த முதல் வாரங்களைக் கழித்த காயில் செல்கள் அதிகம் இருக்கும். தாமதமாகக் கலைத்தால் இருக்கிற செல்கள் கொஞ்சம் பெருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு, அடுத்த வருஷத்துப் பூ. அடுத்த வசந்தத்தில் பூக்கப்போகிற மொட்டு இந்த வருஷமே தீர்மானமாகிவிடுகிறது. பூத்து ஏறக்குறைய மூன்று முதல் ஆறு வாரத்துக்குள், கிளையிலுள்ள ஒவ்வொரு மொட்டும் இலையாக இருப்பதா பூவாக மாறுவதா என்று முடிவாகத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் வளர்கிற பிஞ்சுகளின் விதைகள் ஜிப்பரெலின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன, அது பூ மொட்டு உருவாவதைத் தடுக்கிறது. குற்றவாளி காயின் சதை அல்ல, விதைதான் என்பதை 1967-இல் சான், கெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஸ்பென்சர் சீட்லெஸ் என்ற, விதையில்லாமலும் காய்க்கக்கூடிய ரகத்தை எடுத்துக்கொண்டு, மகரந்தம் சேர்த்த காயையும் சேர்க்காத காயையும் ஒப்பிட்டார்கள். விதையுள்ள காய் இருந்த இடத்தில் அடுத்த வருஷப் பூ குறைந்தது. விதையில்லாத காய் இருந்த இடத்தில் அந்தக் குறை இல்லை.

ஆகவே நான் சொல்லும் வழி இரண்டு சுற்று. பிஞ்சு 1 முதல் 1.5 சென்டிமீட்டர் இருக்கும்போது, அதாவது பூத்து மூன்று வாரம் சுமாருக்கு, கொத்துக்கு ஒன்று அல்லது இரண்டு மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். இந்தச் சுற்றில் இடைவெளி எல்லாம் பார்க்க வேண்டாம். இயற்கை உதிர்வு முடிந்ததும், கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக 2.5 சென்டிமீட்டர் அளவில் காய் நிற்கும்போது, இரண்டாம் சுற்றில் இடைவெளி பார்த்துச் சரிசெய்யுங்கள். ஒரே ஒரு சுற்றுக்குத்தான் நேரம் என்றால் முதல் சுற்றையே செய்யுங்கள்.

முன்னாடியே எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதும் தானாக உதிர்ந்துவிட்டால்?

நியாயமான பயம். ஆனால் இரண்டாவது உதிர்வு பெரும்பாலும் உணவுப் போட்டியால் வருவது. போட்டியை நீங்களே குறைத்துவிட்டால் மரம் உதிர்க்க வேண்டிய காரணமும் குறைந்துவிடும்.

இருந்தாலும் எந்தப் பிஞ்சு நிற்கும், எது விழும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. சில கொத்துகளில் அடையாளம் கட்டி, பிஞ்சுகளின் விட்டத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் கழித்து அதே பிஞ்சுகளை மறுபடி அளந்து பாருங்கள். வேகமாகப் பருத்தவற்றின் வளர்ச்சியில் பாதிகூட இல்லாதவை உதிரப்போகிறவை. பெரிய தோட்டக்காரர்கள் பிஞ்சை உதிர்க்க மருந்து அடித்தது வேலை செய்ததா என்று பார்க்க இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். அளக்கப் பொறுமை இல்லையென்றால் காம்பைப் பாருங்கள். உதிரப்போகிற பிஞ்சின் காம்பு பச்சை மங்கி மஞ்சளடிக்கும், பிஞ்சும் பக்கத்தில் உள்ளதைவிடக் குன்றி நிற்கும்.

கொத்தில் எதை விடுவது? நடுக்காயை எடுக்கச் சொல்கிறார்களே, சிலர் அதைத்தான் விடச் சொல்கிறார்களே?

இரண்டு பேரும் ஏதோ ஒன்றைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். கொத்தின் நடுவில் உள்ள பூ முதலில் விரியும், அதன் பிஞ்சு மற்றவற்றைவிட இரண்டு மூன்று நாள் மூத்தது. முந்திக்கொண்டதால் உணவிலும் அதற்கே முதல் பங்கு. பொதுவாகக் கொத்திலேயே பெரிய காயாக வருவதும் அதுதான். சந்தைக்கு விளைவிப்பவர்கள் அதைத்தான் விடுவார்கள்.

ஆனால் சில ரகங்களில் நடுக்காயின் காம்பு குட்டையாகவும் தடிப்பாகவும் சதைப்பற்றோடு இருக்கும், காயும் காம்புப் பக்கம் கோணிக்கொண்டு போகும். காம்பு குட்டையானால் காய் பருக்கும்போது கிளையில் இடித்துக்கொண்டு தன்னையே தள்ளிவிடுவதும் நடக்கும். நடுக்காயை எடுக்கச் சொல்பவர்கள் இதைப் பார்த்தவர்கள்.

விதி எதையும் மனப்பாடம் செய்யாமல் கொத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள். நடுக்காய் உருண்டையாக, ஒழுங்கான காம்போடு இருந்தால் அதை விடுங்கள். கோணலாக இருந்தால் ஓரத்தில் உள்ளவற்றில் பெரியதை விடுங்கள். பனி அடித்த வருஷத்தில் முதலில் விரிந்த நடுப்பூதான் முதலில் கருகியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கொத்துக்கு ஒன்றுதானா? இரண்டு விட்டால் என்ன?

சின்ன காய் காய்க்கிற ரகத்திலும், பிஞ்சு குறைவாகப் பிடித்த வருஷத்திலும் இரண்டு விடலாம். மற்றபடி ஒன்றே நல்லது. காரணம் அளவு மட்டும் அல்ல. இரண்டு காய் ஒட்டிக்கொண்டு வளரும்போது நடுவில் வெயிலும் காற்றும் போகாது, மழை ஈரம் அங்கேயே தங்கும். காட்லிங் அந்துப்பூச்சியின் புழு காயைத் துளைக்க இப்படி இரண்டு காய் உரசும் இடத்தை விரும்பித் தேர்ந்தெடுக்கும். மருந்து தெளிப்பவர்களுக்கும் அந்த இடுக்கில் மருந்து எட்டாது.

காய்க்குக் காய் எவ்வளவு இடைவெளி?

அப்படியே சாப்பிடுகிற ரகங்களுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர், சமைக்கப் பயன்படுகிற பெரிய காய் ரகங்களுக்கு 15 முதல் 22 சென்டிமீட்டர். விரித்த கையின் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடைப்பட்ட சாண் அளவில் முக்கால் பங்கு என்று வைத்துக்கொண்டால் கையாலேயே அளந்துகொண்டு போகலாம்.

ஆனால் ஸ்கேல் வைத்த மாதிரி ஒவ்வொரு கிளையிலும் இதைப் பிடிக்கத் தேவையில்லை. தடித்த, இலை அடர்ந்த, வெயில் விழுகிற கிளை நெருக்கமாகத் தாங்கும். உள்பக்கம் நிழலில் கிடக்கிற, குச்சியாக மெலிந்த கிளையில் இன்னும் கறாராக எடுக்க வேண்டும். கிளை நுனியில் தொங்குகிற காய்களையும் குறைத்துவிடுங்கள், பாரத்தில் கிளை வளைந்து முறிவது அங்கிருந்துதான் தொடங்கும்.

மரம் மொத்தத்துக்கும் எத்தனை காய் விடலாம் என்று கணக்கு உண்டா?

உண்டு. அடிமரத்தின் தடிமனை வைத்துப் போடுகிற கணக்கு அது. ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை ஒரு டேப்பால் அளந்துகொள்ளுங்கள். அதை அதாலேயே பெருக்கி 12.57-ஆல் வகுத்தால் அடிமரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு சதுர சென்டிமீட்டரில் கிடைக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நாலு முதல் ஆறு காய் என்று விடலாம்.

சுற்றளவு 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 625-ஐ 12.57-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 50. அப்படியானால் 200 முதல் 300 காய். இதை முக்கியக் கிளைகளுக்குப் பங்கு பிரித்துவிடுங்கள். பத்துக் கிளை இருந்தால் ஒன்றுக்கு 20 முதல் 30. முதல் கிளையில் மட்டும் எண்ணிச் செய்தால் போதும், அப்புறம் கண் பழகிவிடும்.

இந்தக் கணக்கு குட்டை, நடுத்தர மரங்களுக்குச் சரியாக வரும். வயதான பெரிய மரத்துக்கு அடிமரம் மட்டும் பருத்துக்கொண்டே போகும், காய்க்கும் கிளைகளோ அதே அளவில் இருக்கும். அங்கே இதைப் பின்பற்றினால் ஏமாற்றிவிடும், இடைவெளிக் கணக்கே மேல்.

கையால் பறிப்பதா, கத்தரியால் வெட்டுவதா?

இரண்டும் சரிதான். ஆனால் எப்படிப் பிடிக்கிறோம் என்பதில் ஜாக்கிரதை வேண்டும். ஆப்பிள் பெரும்பாலும் காய்ப்பது, தோல் சுருங்கி வளையம் வளையமாக வடு விழுந்த குட்டைக் கிளைகளில். தோட்டக்காரர்கள் இதை ஸ்பர் என்பார்கள். ஒரே ஸ்பர் பல வருஷம் காய்க்கும். பிஞ்சைப் பிடித்து வெடுக்கென்று கீழ்நோக்கி இழுத்தால் காய் வருவதற்குப் பதிலாக ஸ்பரே பிய்ந்து வந்துவிடும், கூடவே அடுத்த வருஷத்து மொட்டும் போய்விடும்.

ஒரு கையால் ஸ்பரின் அடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிஞ்சின் காம்பில் வைத்து, பிஞ்சை மேல்நோக்கி மடக்கி லேசாகத் திருகினால் கழன்றுவிடும். காம்பு மரத்திலேயே நின்றுபோனாலும் பரவாயில்லை, சில நாளில் காய்ந்து தானே விழும். விட வேண்டிய காயை முதலில் முடிவு செய்து, அதை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு மற்றவற்றை எடுப்பது நல்ல பழக்கம். இல்லாவிட்டால் அவசரத்தில் வேண்டியதே கையோடு வந்துவிடும்.

காம்பு குட்டையான ரகங்களில் விரல் நுழையாது. அங்கே கூர்மையான, முனை மெலிந்த சின்னக் கத்தரிதான் உதவும். கத்தரி முனை பக்கத்துக் காயின் தோலில் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிஞ்சில் விழுந்த கீறல் காயோடு சேர்ந்து பெரிதாகும்.

எந்தப் பிஞ்சுகளை யோசிக்காமல் எடுத்துவிடலாம்?

ஒருபக்கம் சூம்பியவை முதலில் போகட்டும். ஆப்பிளுக்குள் ஐந்து அறை, அறைக்கு இரண்டு விதை என்பது வழக்கமான கணக்கு. எந்தப் பக்கத்து அறையில் விதை பிடிக்கவில்லையோ அந்தப் பக்கம் சதை வளராது. சந்தேகமாக இருந்தால் ஒரு பிஞ்சைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நட்சத்திரம் மாதிரி ஐந்து அறைகள் தெரியும், எத்தனை காலி என்று எண்ணிவிடலாம்.

பூச்சி பட்டவையும் அப்படியே. துளை விழுந்து அதன் வாயில் ஈரமான மரத்தூள் போலக் கழிவு தள்ளியிருந்தால் உள்ளே புழு இருக்கிறது. தோலின்மேல் பழுப்பு நாடா ஒட்டியது போல வளைந்து போகிற தழும்பு ரம்ப ஈயின் வேலை. அசுவினி (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) தாக்கிய கொத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை: அந்தப் பிஞ்சுகள் முண்டும் முடிச்சுமாகச் சின்னதாகவே நின்றுவிடும், ஆனால் உதிராது. கடைசிவரை கிளையில் ஒட்டிக்கொண்டு உணவைத் தின்னும். அந்தக் கொத்தை முழுதாகவே எடுத்துவிடலாம்.

ஒரு வருஷம் கொட்டோ கொட்டென்று காய்க்கிறது, மறு வருஷம் பூவே இல்லை. கலைப்பதால் இது மாறுமா?

மாறும், ஆனால் காய்ப்பு வருஷத்தில் சீக்கிரமாக, துணிந்து எடுத்தால் மட்டும். முன்னால் சொன்ன விதைக் கணக்குதான் இதற்கும் காரணம். காய்ப்பு மிஞ்சிய வருஷத்தில் ஆயிரக்கணக்கான விதைகள் சேர்ந்து மறு வருஷப் பூவைத் தடுத்துவிடுகின்றன. பூ இல்லாத வருஷத்தில் தடுக்க யாரும் இல்லை, அதனால் எல்லா மொட்டும் பூ மொட்டாகி அதற்கு அடுத்த வருஷம் மறுபடி கொட்டித் தீர்க்கிறது. ஒரு கடும்பனி வருஷம் பூவையெல்லாம் கருக்கிவிட்டால் போதும், ஒழுங்காகக் காய்த்த மரமும் இந்தச் சுழலில் மாட்டிக்கொள்ளும்.

இதை உடைக்க, பூ நிறைந்த வருஷத்தில் பூக்கும்போதே பாதி ஸ்பர்களில் பூ முழுவதையும் கிள்ளி எடுத்துவிட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம்: எல்லா ஸ்பரிலும் பாதிப் பூவை எடுப்பதைவிட, பாதி ஸ்பரில் எல்லாப் பூவையும் எடுப்பது மேல். ஏனென்றால் தடை பெரும்பாலும் அந்தந்த ஸ்பருக்குள்ளேயே நடக்கிறது. வெறுமையாக விட்ட ஸ்பர் இந்த வருஷம் ஓய்வெடுத்து அடுத்த வருஷம் பூக்கும். இலையை மட்டும் கிள்ளிவிடாதீர்கள், அந்த மொட்டுக்குச் சோறு போடுவதே அந்த இலைகள்தான். குளிர்காலக் கவாத்தின்போதே நெருக்கமான ஸ்பர்களைக் குறைத்துவிட்டால் வசந்தத்தில் வேலை பாதியாகும்.

ஃபூஜி, எல்ஸ்டார், ஹனிகிரிஸ்ப் ஆகிய ரகங்கள் இந்தப் பழக்கத்துக்குப் பேர்போனவை. காலா ரகம் அவ்வளவு மோசமில்லை, வருஷா வருஷம் காய்க்கும். ஆனால் கலைக்காவிட்டால் காய் மிகவும் சிறுத்துவிடும்.

பூவிலேயே எடுத்துவிடுவது எல்லோருக்கும் நல்லதுதானே?

பனி பயம் இல்லாத இடத்தில் நல்லது. பனி அடிக்கக்கூடிய இடத்தில் அது சூதாட்டம். எடுத்த பிறகு பனி வந்தால் மிச்சம் இருந்ததும் போய்விடும். பனி அடித்ததா என்று சந்தேகம் வந்தால் ஒரு பூவை நகத்தால் பிளந்து நடுவில் பாருங்கள். சூல் பகுதி வெளிர்பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது, கறுத்திருந்தால் அந்தப் பூ காயாகாது. இதழ் வெள்ளையாக அழகாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

நட்டு ஒரு வருஷம்தான் ஆகிறது, நாலு காய் பிடித்திருக்கிறது. விடலாமா?

வேண்டாம். முதல் இரண்டு வருஷம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அந்த வயதில் மரம் வேரும் கிளையும் போட வேண்டும். குட்டை வேர்ச்செடியில் (மரத்தைக் குள்ளமாகவே வைத்திருக்கும் அடிச்செடியில்) ஒட்டிய மரங்கள் அவசரக்காரர்கள், சின்ன வயதிலேயே காய்த்துத் தொலைத்து, பிறகு வளராமல் நின்றுவிடும். ரகம் சரிதானா என்று ருசி பார்க்க ஆசையாக இருந்தால் ஒரே ஒரு காய் விடுங்கள், அதுவும் பக்கக் கிளையில். நடுத்தண்டின் உச்சியில் ஒருபோதும் வேண்டாம். பாரத்தில் உச்சி சாய்ந்துவிட்டால் மரத்தின் வடிவமே கெட்டுப்போகும்.

எண்ணிக்கை குறைந்தால் மொத்த எடையும் குறைந்துவிடாதா?

கொஞ்சம் குறையும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு ஆப்பிளும் 7.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் ஆப்பிளும் ஏறக்குறைய ஒரே கன அளவு. அந்த இரண்டு காய்க்கும் இரண்டு விதைக்கூடு, உரிக்க அதிகத் தோல், மரத்துக்கு இரண்டு மடங்கு விதை. இதோடு அடுத்த வருஷம் காய்ப்பே இல்லாமல் போவதையும் சேர்த்து, இரண்டு வருஷக் கணக்காகப் பார்த்தால் கலைத்த மரம்தான் முன்னால் நிற்கும்.

அளவுக்கு மீறி எடுத்துவிட்டால்?

ஆகக்கூடியதுதான், ஆனால் வீட்டு மரங்களில் அபூர்வம். நான் பார்த்த வரையில் பயந்து பயந்து குறைவாக எடுப்பவர்களே அதிகம். மிகக் குறைந்த காயோடு நிற்கிற மரத்தில் காய்கள் பூதாகரமாக வளரும், கிளைகளும் தறிகெட்டு நீளும். அப்படிப்பட்ட காயில் கால்சியம் போதாமல் தோலுக்கடியில் கருந்திட்டுகள் விழும், அந்த இடம் கடற்பஞ்சு போல உலர்ந்து கசக்கும். சேமித்து வைத்தாலும் நிற்காது. ஹனிகிரிஸ்ப் இதில் முதலிடம். ஆகவே அந்த ரகத்தில் மட்டும் கையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

மருந்து அடித்துக் கலைக்கலாமா?

ஒன்றிரண்டு மரம் வைத்திருப்பவர்களுக்கு வேண்டவே வேண்டாம். பெரிய தோட்டங்களில் ஆட்கூலியும் நேரமும் கட்டுப்படியாகாது என்பதால் இது வழக்கம். நாஃப்தலீன் அசிட்டிக் அமிலம் 1940-கள் முதலே இந்த வேலைக்கு இருக்கிறது. பென்சைல் அடினைன் பிறகு வந்தது. முதலில் பீட்ரூட் வகைப் பயிர்களுக்குக் களைக்கொல்லியாக இருந்த மெட்டாமிட்ரான், இலையின் ஒளிச்சேர்க்கையைச் சில நாள் மந்தப்படுத்தி மரத்தைப் பட்டினி போட்டுப் பிஞ்சை உதிர்க்கிறது. பூவிலேயே கலைக்க சுண்ணாம்பு கந்தகக் கரைசல் உண்டு, அது சூல்முடியைக் கருக்கி மகரந்தம் இறங்காமல் தடுக்கும். கார்பரில் என்ற பூச்சிக்கொல்லியும் நெடுங்காலம் இதற்குப் பயன்பட்டது. தேனீக்களை அது கொல்லும். ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் அதற்கு அனுமதி மறுத்தது.

இவற்றில் எல்லாவற்றுக்கும் பொதுவான சிக்கல் வானிலை. அதே மருந்து, அதே அளவு, மேகமூட்டமும் இரவில் வெக்கையும் சேர்ந்த நாட்களில் மரத்தையே காலியாக்கிவிடும். நல்ல வெயிலும் குளிர்ந்த இரவுமாக இருந்தால் ஒன்றுமே நடக்காது. வெயில் இல்லாத நாளில் இலை தயாரிக்கிற சர்க்கரை குறைவு, வெப்பமான இரவில் மரம் செலவழிக்கிற சர்க்கரை அதிகம். ஏற்கெனவே கையிருப்பு இல்லாத மரம் லேசாகத் தட்டினாலும் உதிர்த்துவிடும். நீங்கள் மருந்தே அடிக்காவிட்டாலும் இது தெரிந்திருப்பது நல்லது. பூத்து மூன்று நாலு வாரத்தில் தொடர்ந்து மூட்டமாக இருந்தால் இயற்கை உதிர்வு கூடும், முதல் சுற்றில் கொத்துக்கு இரண்டு விட்டுவைக்கலாம்.

காலம் கடந்துவிட்டது, காய் எலுமிச்சை அளவு ஆகிவிட்டது. இனிமேல் பயன் உண்டா?

அடுத்த வருஷத்துப் பூவுக்குப் பயன் இல்லை. கிளை முறியாமல் காக்கவும், மிச்சக் காய்க்கு நிறமும் இனிப்பும் ஏறவும் பயன் உண்டு, ஆகவே எடுங்கள். பூச்சி பட்டதையும் உரசிக்கொண்டிருப்பதையும் மட்டும் எடுத்தாலே மரம் தெளிந்துவிடும். அப்படியும் தாங்காத கிளைக்கு முட்டுக் கொடுங்கள், கிளை பதியும் இடத்தில் பழந்துணி சுற்றி.

மரம் உயரம், ஏணி வைத்தாலும் எட்டாது.

எட்டுகிற வரைக்கும் செய்யுங்கள். எட்டாத உயரத்தில் நீளக் கழியின் நுனியில் கொஞ்சம் ரப்பர் குழாயை மாட்டி, பிஞ்சு நெருங்கிய இடங்களில் தட்டிவிடுவது சிலரின் வழக்கம். தேர்ந்தெடுத்து எடுக்க முடியாது, நல்லதும் விழும், ஸ்பரிலும் அடி படலாம். ஆனாலும் ஒன்றும் செய்யாமல் விடுவதற்கு இது மேல். அடுத்த குளிர்காலத்தில் கவாத்துச் செய்து உயரத்தை இறக்குவதுதான் நிஜமான தீர்வு.

பறித்த பிஞ்சுகளை மரத்தடியிலேயே விடலாமா?

நல்ல பிஞ்சு என்றால் விடலாம், மக்கிப்போகும். புழு உள்ளதை மட்டும் தனி வாளியில் போட்டு அப்புறப்படுத்துங்கள். கீழே கிடந்தாலும் உள்ளே இருக்கிற புழு வளர்ந்து வெளியே வந்து, மண்ணிலோ மரப்பட்டை இடுக்கிலோ கூடு கட்டிக்கொள்ளும்.

கலைத்த பிறகு உரம் கூடுதலாகப் போட வேண்டுமா?

வேண்டாம். தழைச்சத்து அதிகமானால் இலையும் கிளையும்தான் பெருகும், மேலே சொன்ன கசப்புத் திட்டும் கூடும். தண்ணீர் மட்டும் சீராகக் கிடைக்கட்டும்.

பேரி, பீச், பிளம் மரங்களுக்கும் இதே முறையா?

பேரிக்கு ஏறக்குறைய இதே கதை. ஆசியப் பேரி வகைகள் அளவில்லாமல் பிடிக்கும், அவற்றுக்குக் கொத்துக்கு ஒன்று என்பதில் தளர்வே கூடாது. பீச்சில் கொத்துக் கிடையாது, கிளை நெடுக ஒட்டிக்கொண்டு காய்க்கும், 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு ஒன்று விடுங்கள். பிளமுக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் போதும். ஆனால் பாரத்தில் முறிவது அதன் பிறவிக் குணம் என்பதால் அங்கே கிளை நுனியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். செர்ரியைப் பொதுவாக யாரும் கலைப்பதில்லை.